மரச் சிப்பாயும் மண் குதிரையும்

சிறு பிராயத்து விளையாட்டுப் பொருள்களை வளர்ந்தபின் விட்டொழித்தலே அறிவுடைமை என்பது பெரும்பாலோர் கொள்கை. பந்தும் மட்டையும் மாத்திரம் இவ்விதிக்கு எவ்வாறோ விலக்குப் பெற்றன. நாற்பது வயதினர் ஒருவர் டென்னிஸ் மட்டையைத் தோளிற் சாத்திக்கொண்டு வீதியிற் சென்றால் அவரை எவரும் நகையார். அவரே ஈயச் சிப்பாய்கள் இருநூற்றை மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கையிற் கொண்டு, ஒரு பட்டாளத்தை ஆறு அங்குலம் முன்னே நகர்த்துவாரானால், வீட்டார் வைத்தியரை அழைப்பதா வேண்டாவா என்று ஆலோசிப்பர். மேனாடுகளில் இச் சிற்றுருவப் போர் விளையாட்டு வளர்ந்தோர் பலருக்கு வாழ்நாட் பொழுதுபோக்காய் அமைந்துள்ளது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இதில் ஈடுபடுவோர் உளர். இதன்மேற் சாட்டப்படும் குற்றங்கள் இரண்டு. ஒன்று, இது பிள்ளைத்தனம் என்பது. மற்றொன்று, சமாதானப் பிரபுவின் நாமத்தை நாடோறும் உச்சரிக்கும் ஒரு கலாசாலையில் யுத்தத்தை விநோதமாக்குதல் தகுமோ என்பது. முன்னதற்கு விடை எளிது. பின்னதற்கு அவ்வளவு எளிதன்று.

பிள்ளைகள் படைக்கருவிகளோடு விளையாடுதல் சீமையிலிருந்து வந்த வழக்கமன்று. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்மகவிற்குரிய இறுதிப் பருவங்களாவன சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன. வீடழித்தல், முரசறைதல், தேரூர்தல் என்னும் போர்த்தொழில் மூன்றும் சிறுவடிவில் அங்கே அடங்கிக் கிடத்தலைக் காண்க. பட்டினப்பாலையிலும், கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணி சிறுவரின் விளையாட்டுத் தேருக்குத் தடையாய்க் கிடந்த செய்தி வருகின்றது. நம் கொங்குநாட்டிலோ, பனைமட்டையைக் கவட்டிடை வைத்துக் குதிரை ஓட்டாத சிறுவன் யாவன்? அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலில் ஆண்டுதோறும் ஆடி மாதத் திருவிழாவின்போது குதிரையும் மாடும் கூடும் பெருஞ்சந்தை நிகழ்கின்றது. திப்பு சுல்தான் தன் படைக்கு வேண்டிய குதிரைகளை இங்கே கொண்டான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அச்சந்தையிலே நிமிர்ந்து நிற்கும் கத்தியவார்க் குதிரையை வாய்திறந்து நோக்கிய சிறுவன், வீடு திரும்பியவுடன் களிமண்ணைப் பிசைந்து நான்கு காலும் ஒரு வாலும் வைப்பது இயல்பே. மறுநாள் அம்மண் குதிரைமேல் ஒரு வீரன் ஏறுகின்றான். அதற்கு அடுத்த நாள் எதிரி ஒருவன் தோன்றுகின்றான்.

இவ்வீரரையும் எதிரிகளையும் கட்டத்துக்குள் நிறுத்தி, விதி வகுத்து, அறிஞர்க்குரிய ஆட்டமாக்கியவர் நம் நாட்டாரே. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையின் பெயரே சதுரங்கம். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் இந்நாட்டில் வழங்கிய இவ்வாட்டம் பாரசீகம் சென்று, அராபியர் கைப்பட்டு, ஐரோப்பாவை அடைந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்த காலத்து, 'தம்பி' என்னும் பெயருடன் வேட்டி சட்டை உடுத்த குதிரையொன்று நாடெங்கும் நின்றதை நாம் மறந்திலோம். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டாம் வயதில் உலக சாம்பியனானபோது, பொம்மைக் குதிரையை நகர்த்திப் பொழுதைக் கழித்தான் ஒரு பிள்ளை என்று எவரும் இகழ்ந்திலர். ஆகவே, பெரியோர் இகழ்வது மரச் சிப்பாயை அன்று. கட்டத்தை விட்டு வெளியேறிய மரச் சிப்பாயையே இகழ்கின்றனர்.

அவன் கட்டத்தை விட்டு வெளியேறிய வரலாறு சுவையுடையது. ஜெர்மனியில் பிரன்சுவிக் நகரத்துக் கணித ஆசிரியர் ஹெல்விக் என்பவர் 1780இல் சதுரங்கப் பலகையை விரித்துப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு ஆறு, மலை, காடு என நிறமிட்டார். 1812இல் ரைஸ்விட்ஸ் பிரபு என்பவர் கட்டங்களையே நீக்கி, மெய்ந்நிலத்தைப் போன்று உருவம் அமைத்த ஒரு மேசையைப் பிரஷ்ய அரசனுக்குக் காணிக்கையாக்கினார். அவருடைய மகன், பீரங்கிப்படையில் ஓர் உத்தியோகஸ்தர், 1824இல் அதனை எண்ணாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள தேசப்படத்தின்மேல் ஆடும் ஆட்டமாக்கினார். வெடியின் பயன் பகடையால் முடிவாகும். இரு கட்சிக்கும் நடுவே நடுவர் ஒருவர் இருந்து, எதிரியின் நிலையைக் கண்ணுக்கு எட்டிய அளவே அறிவிப்பார். இதனை முதலிற் சலிப்புடன் காண அமர்ந்த தளபதி முஃப்லிங், முடிவில் இது விளையாட்டன்று, போர்ப் பள்ளி என்று வியந்து, சேனைக்கெல்லாம் பரிந்துரை செய்தார் என்பர். எதிரி எங்குளன் என்பது தெரியாமலே ஆணையிட வேண்டிய அவ்வேதனையைச் சதுரங்கம் கற்பிப்பதில்லை. பலகையில் யாவும் வெளிப்படை அன்றோ!

இனி, குழந்தையின் பொம்மைச் சிப்பாய் வளர்ந்தபின்னும் உடன்வரும் வகைக்கு இரண்டு மூன்று சரித்திரங்களை நோக்குவோம். இங்கிலாந்தில் ஹாவொர்த் என்னும் ஊரில் பாட்ரிக் பிரான்டி என்னும் குருவானவர் 1826ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் மகன் பிரான்வெலுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அக்காள் ஷார்லட், வயது பத்து, அவற்றுள் அழகான ஒன்றைப் பற்றிக்கொண்டு அதற்கு வெல்லிங்டன் கோமகன் எனப் பெயரிட்டாள். பிரான்வெல் தன்னதற்குப் போனபார்ட் எனப் பெயரிட்டான். இளையவர்களாகிய எமிலிக்கும் ஆனுக்கும் ஒவ்வொன்று கிடைத்தது. அச்சிப்பாய்கள் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு நகரம் எழுப்பினர், அரசு அமைத்தனர், கலகம் செய்தனர். அவர்கள் படிப்பதற்கென்றே, பூதக்கண்ணாடி கொண்டு வாசிக்கத்தக்க சிற்றெழுத்தில் சிறு சிறு புத்தகங்களையும் பிள்ளைகள் எழுதினர். அச்சிறுமியருள் ஷார்லட் 'ஜேன் அயர்' நாவலையும், எமிலி 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலையும் 1847இல் வெளியிட்டதை ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர் அறிவர். ஷார்லட்டின் மரக் கோமகனுக்கு மூலமான மெய்க் கோமகன், 1799இல் சீரங்கப்பட்டணத்து முற்றுகையில் திப்புவுக்கு எதிராக நின்றவர் என்பதையும் ஈண்டு நினைக்க. குருவானவர் வீட்டில் போர்ப் பொம்மை நுழைந்ததால் விளைந்தது போரன்று, நாவலே.

ஆயினும் எல்லா வீட்டிலும் இவ்வாறே விளையும் என்று சொல்லுதற்கில்லை. வின்ஸ்டன் சர்ச்சில் 1930இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில், தாம் ஏறக்குறைய 1500 பொம்மைச் சிப்பாய்கள் வைத்திருந்ததையும், தந்தையார் ஒருநாள் வந்து அவ்வணிவகுப்பைப் பார்வையிட்டுச் சேனையிற் சேர விருப்பமா என்று வினவியதையும், அவ்வினாவே தம் வாழ்வைத் திருப்பியதையும் கூறுகின்றார். அவ்விடத்து ஒரு சிறு செய்தி நம் கண்ணை உறுத்துகின்றது. எதிரிப்படைக்குத் தலைவனாகிய தம்பிக்குக் கறுப்பு நிறத்துச் சிப்பாய்களே அனுமதிக்கப்பட்டனராம். அவர்களுக்குப் பீரங்கியும் இல்லையாம். சர்ச்சில் இதனை நகைச்சுவையாகவே எழுதினார். நாமும் நகைக்கலாம். ஆனால் நகைக்குமுன் அம்மேசையில் நம் இடம் எது என்று ஒருமுறை கண்டுகொள்ளுதல் நலம். பொம்மைச் சிப்பாய் வெறுஞ் சிப்பாயாக வருவதில்லை. இன்னார் வீரர், இன்னார் வீழ்வதற்கென்றே நிற்பவர் என்னும் ஏற்பாட்டையும் பெட்டிக்குள்ளே கொண்டு வருகின்றான். 1893 முதல் லண்டனில் பிரிட்டன் குடும்பத்தார் ஈயத்தை உட்கூடாக வார்த்து மலிவாகச் செய்த சிப்பாய்கள் உலகமெங்கும் பரவியபோது, இவ்வேற்பாடும் உடன் பரவியது.

இரண்டாம் குற்றச்சாட்டுக்கு வருவோம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு யுத்தங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பிட்டு, வீட்டுத் தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, மரக்குச்சி எய்யும் விற்சுருள் பீரங்கியால் வீழ்த்தும் ஆட்டத்துக்கு விதி எழுதினார். யுத்தத்தை வெறுத்தவர் அவர். பெரும்போரின் பெருங்கேட்டுக்கு இச்சிறு போரே மருந்து என்றும், இதனை மூன்று நான்கு முறை ஆடியவன் தளபதிகளின் தடுமாற்றத்தைத் தானே உணர்வான் என்றும் வாதித்தார். அடுத்த ஆண்டே முதல் உலக மகாயுத்தம் மூண்டது. வெல்ஸின் மருந்து பலிக்கவில்லை என்பது வெளிப்படை. எனினும் நோயை அவர் உண்டாக்கினார் என்றும் சொல்லொணாது. 1962இல் 'போர் விளையாட்டுக்கள்' என்னும் நூலால் இப்பொழுதுபோக்கைப் பரப்பிய டொனால்டு பெதர்ஸ்டன், இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிப் படையிற் பணியாற்றியவர். எனவே போரை அறியாதவரே இதனை ஆடுவர் என்னும் வாதமும் நில்லாது.

நம் கருத்து இது. இவ்விளையாட்டின் குறை, யுத்தத்தைக் காட்டுவதன்று; யுத்தத்தைப் பாதி காட்டுவதே. மேசைமேல் குதிரை வீரன் உளன், பீரங்கிக்காரன் உளன், கொடி பிடிப்பவனும் உளன். உழவன் இல்லை. வைக்கோற்போர் இல்லை. பஞ்சமும் பேதியும் இல்லை. வீழ்ந்த சிப்பாய் மறுநாட் காலையில் பெட்டியிலிருந்து எழுந்து வருகின்றான். இக்குறையை நிரப்ப வழியுண்டா என்பதே வினா. உண்டென்றே நாம் நினைக்கின்றோம். அதற்கு வாட்டர்லூவுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

அந்தியூருக்கு மேற்கே, பவானியாற்றின் கரையில் உள்ள சத்தியமங்கலத்தைக் கொள்க. மூன்றாம் மைசூர் யுத்தத்தில், 1790ஆம் ஆண்டு, தளபதி மெடோஸ் தலைமையிலான கும்பினிப் படை கரூரையும் கோயமுத்தூரையும் கைப்பற்றியபின், பிளாய்டு என்னும் படைத்தலைவர் சத்தியமங்கலத்திற் காவல் வைத்தார். செப்டம்பர் மாதத்தில் திப்பு சுல்தான் கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியே மலையிறங்கி, பவானியைக் கடந்து, 13ஆம் தேதி அவர்மேற் பாய்ந்தான். பகல் முழுதும் பீரங்கிகள் முழங்கின. மறுநாள் பிளாய்டு கோயமுத்தூர்த் திசை நோக்கிப் பின்வாங்கினார். இழுக்கும் எருதுகள் மாண்டமையால் பீரங்கிகள் சிலவற்றைக் கைவிடவும் நேர்ந்தது. சர்ச்சிலின் மேசையிற் பீரங்கியற்று நின்ற கறுப்புச் சிப்பாய், இங்கே பீரங்கியுடன் நின்றான்; வெள்ளைத் தளபதி பின்வாங்கினார். கும்பினிப் படையிலும் பெரும்பகுதி நம்மவரே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. யார் நம்மவர், யார் எதிரி என்னும் வினா இம்மேசையில் எளிதில் விடைபெறாது. அதனாலேயே இம்மேசை நமக்கு வேண்டும்.

அன்றியும், எருது மாண்டதால் பீரங்கி நின்றது என்னும் அவ்வொரு செய்தியைச் சிந்திக்க. அக்காலத்துப் போரை இழுத்தது மாடு. ஹைதரும் திப்புவும் பீரங்கி இழுக்கும் எருதுகளைப் பெருக்கத் தனி இலாகா வைத்திருந்தனர். அதற்கு அமிர்த மகால் எனப் பெயரிட்டவன் திப்பு. நம் அந்தியூர் மலைப்புறத்துப் பர்கூர் மாட்டைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டா. செம்மை நிறமும் வெண்புள்ளியும் உடைய அம்மாடு, முரட்டுக் குணமும் விரைந்த நடையும் உடையது. சிப்பாய்க்கு எத்துணை இலக்கமோ, அத்துணை இலக்கம் எருதுக்கும் கொடுத்து, எருது எங்கிருந்து வந்தது, அதற்குத் தீவனம் யார் களத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கும் விதி ஒன்றை வகுத்தால், குடியானவன் தானே மேசைமேல் வந்து நிற்பான். ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கிண்ணத்தில் நெல்மணி வைக்கலாம். எப்படை அவ்வூரிற் கூடாரமடித்தாலும் கிண்ணம் குறையும். ஆட்டம் முடிந்தபின், வென்றவன் தோற்றவன் இருவரும் கிண்ணங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வாப் படைகள் இரண்டு மோதும் ஆட்டம் நமக்குப் புதிதுமன்று. புலி மூன்றும் ஆடு பதினைந்துமாக ஆடும் ஆடுபுலி ஆட்டத்தைப் பாறையிற் கீறிவைத்து ஆடினவர் நம் முன்னோர்.

நிலத்துக்கு மணற்பெட்டி போதும். திண்ணைப் பள்ளியில் எழுத்துப் பழக உதவிய மணலே பவானிக்கும் கணவாய்க்கும் உதவும். தேசப்படமும் சரித்திர நூலும் நம் புத்தகசாலையில் தேடத்தக்கவை. தேடுவோர்க்கு ஒரு மாதம் போதாது. சிப்பாய்களையும் சீமையிலிருந்து பெரும்பொருள் கொடுத்துத் தருவிக்க வேண்டுவதில்லை. உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டியில், ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கற் காலத்திற் கன்றுகாலி நலத்துக்காக மண் உருவாரங்கள் செய்துவைத்து வணங்கும் வழக்கம் இன்றும் உண்டு. உருவாரம் வனையும் கைகள் கொங்குநாட்டில் இன்னும் ஓயவில்லை. இரண்டு அங்குல உயரத்தில் வனைந்து தருமாறு அவர்களை நாம் கேட்கலாம். முதலிற் கேட்க வேண்டுவது எருதுகளையே. குறைந்தது நாற்பது சோடி வேண்டியிருக்கும்.