பம்பாய் யாருக்குச் சொந்தம்?

1995-ம் வருஷத்தில் மும்பை என்று பெயர் மாறிய பம்பாய்ப் பட்டணத்தில் நாம் சில வருஷங்கள் குடியிருந்து ஜீவனம் செய்தவர்கள். மராட்டித் தோழர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். நமக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி கொண்டுவந்தவள் பக்கத்து அறை மராட்டி மூதாட்டியே. ஆதலால் அவ்வூர் அரசியலைக் கண்டித்து எழுதினால், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். நமக்குச் சோறு போட்டது அவ்வூர் ஜனங்களும் நமது உழைப்புமேயல்லாமல் அவ்வூர் அரசியல்வாதிகள் அல்லவே!

மண்ணின் மைந்தருக்கே ஊர் என்பது அங்கு நெடுநாளாய்ச் செல்வாக்குப் பெற்ற வாதம். 1966-ல் சிவசேனை தோன்றியபோது அதன் முதற்குறி, குமாஸ்தா வேலை பார்த்தவர்களும் ஓட்டல் நடத்தியவர்களுமான தென்னாட்டாரே. (அதைத் தோற்றுவித்தவரின் தந்தையார் பிரபோதன்கர், புரோகிதப் புரட்டைக் கண்டித்தெழுதிய சீர்திருத்தக்காரர் என்பதை நினைக்க நமக்கு வருத்தமாயிருக்கிறது.) 2008-லோ, அதிலிருந்து பிரிந்த வேறொரு கட்சியார் வடநாட்டு டாக்ஸிக்காரர்களை அடித்தார்கள். குறி மாறிற்றே தவிர மராட்டித் தொழிலாளிக்கு மிஞ்சியது என்ன? 1982-ல் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டு, அந்நிலங்களில் இன்று அடுக்குமாளிகைகளும் பெருங்கடைகளும் நிற்கின்றன. ஆலையை மூடியவன் டைப் அடித்த தமிழனா? டாக்ஸி ஓட்டிய பீகாரியா?

சொந்தம் என்பதையாவது யோசித்தார்களா? பம்பாய் ஏழு தீவுகளாயிருந்த காலத்தில் அங்கே மீன் பிடித்தவர்கள் கோலிகள். 1661-ல் போர்ச்சுகீசியர் அதைத் தங்கள் ராஜகுமாரியின் சீதனமாக இங்கிலீஷ் ராஜாவுக்குக் கொடுத்தார்கள். கோலியை ஒருவரும் கேட்கவில்லை. வந்தவரெல்லாம் போகவேண்டுமானால் கோலியைத் தவிர மிஞ்சுபவர் யார்? மராட்டிய ராஜாக்கள் 1855 வரை ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்கு மேல் தஞ்சாவூரை ஆண்டார்களே. இன்றும் அங்கு மராட்டி பேசும் குடும்பங்கள் இருக்கின்றனவே. அவர்களை மூட்டை கட்டச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

நிற்க, மராட்டியர் உத்தியோகத்தில் பங்கு கேட்பதையும், சர்க்கார் காரியங்களில் மராட்டி வழங்கவேண்டும் என்பதையும் நாம் தப்பென்று சொல்லவில்லை. வகுப்புவாரி உரிமை கேட்ட நமக்கு அப்படிச் சொல்ல யோக்கியதையும் இல்லை. ஆனால் பங்கு கேட்கவேண்டிய இடம் சர்க்காரும் முதலாளியுமாகும். தெருவில் கடலை விற்பவனிடம் என்ன பங்கு இருக்கிறது, பிடுங்கிக்கொள்ள?

இதைப் பம்பாய்க்காக மாத்திரம் எழுதவில்லை. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் இங்கே கொல்லப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது நாம் கோபப்பட்டது நியாயமே. ஆனால் டீக்கடையில் நம்மவர் அத்தொழிலாளர்களைப் பற்றிப் பேசும் பேச்சில், வடக்கன் என்கிற இடத்தில் மதராசி என்று போட்டுப் பாருங்கள்; நாம் தாராவியில் கேட்ட பேச்சாகவே இருக்கிறது.