பயமே வரலையாம்!

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை முதல்முறையாகப் படித்துவிட்டு வருபவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா பயமே வரல.” பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வுக்கும் இதே தீர்ப்பு. காசு கொடுத்துப் பயம் வாங்கப் போன கடையில் எடை குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்பது மாதிரி ஒரு புகார். நானும் இரண்டையும் நாற்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகப் படித்தேன். அதனாலேயே இந்தப் புகாரோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

இவர்கள் தேடிப் போகும் பயம் புத்தகத்தினுடையதே அல்ல, சினிமாவினுடையது. இடி, மின்னல், கழுத்தில் போல்ட் எல்லாம் 1931இல் வந்த ஹாலிவுட் படம் கொடுத்தவை. நாவலில் அந்த உயிர் கண் திறப்பது நவம்பர் மாத மழை இரவொன்றில், அணையப்போகும் மெழுகுவத்தி வெளிச்சத்தில். சில வரிகளில் முடிந்துவிடுகிறது. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துப்போகும் என்பதும் 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தின் சமாச்சாரம். ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான். படக்கடை ரசீதை எடுத்துக்கொண்டு போய்ப் புத்தகத்திடம் சரக்கு கேட்டால் எப்படி?

சரி, பயம் எங்கேதான் இருக்கிறது? கண் திறந்ததும் விக்டர் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஓடுகிறான். அந்த உயிர் அப்போது யாரையும் கொல்லவில்லை, மிரட்டவில்லை. அவன் படுக்கையருகே வந்து, வாயைத் திறந்து ஏதோ முனகி, சிரிக்கப் பார்த்து, கையை நீட்டுகிறது. பிறந்த குழந்தை செய்வதும் அதைத்தானே? அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகப் பெற்றவனே விட்டுவிட்டு ஓடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை. நாவல் முழுக்க அதற்குப் பெயர் கிடையாது. நாம்தான் அப்பன் பெயரை எடுத்து அதற்குச் சூட்டிவிட்டோம்.

பிறகு அது ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் விரிசல் வழியாக ஓர் ஏழைக் குடும்பத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. மில்டனைப் படிக்கிறது. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு வெட்டிவந்து போடுகிறது. அந்த வீட்டில் அதோடு அன்பாகப் பேசுபவர் கண் தெரியாத கிழவர் ஒருவர்தான். கண் உள்ளவர்கள் வந்து பார்த்ததும் அடி விழுகிறது. கொலைகள் எல்லாம் அதற்கப்புறம்.

1816இல் இதை எழுத ஆரம்பித்தபோது மேரிக்கு வயது 18. முந்தைய வருடம்தான் குறைமாதத்தில் பிறந்த தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். அவரைப் பெற்ற தாயும் பெற்ற சில நாட்களிலேயே இறந்துபோனவர். பிறப்பில் இருக்கும் பயங்கரத்தை எழுத அவருக்குப் பேய் எதற்கு?

புதுமைப்பித்தன் இந்த நாவலைத்தான் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘காஞ்சனை’ எழுதிய கைக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் பேய்க்கதை என்றாலே ரயில் பயணத்தில் புரட்டிவிட்டுப் போடுகிற சாமான் என்று ஓர் இளக்காரம். இளக்காரம் பேசுகிற இலக்கியவாதியும் ‘பயம் வரல’ என்கிற வாசகரும் எதிரெதிர் கட்சி மாதிரித் தெரியும். இல்லை, ஒரே கட்சிதான். திடுக்கிட வைப்பதைத் தவிரப் பேய்க்கதைக்கு வேறு வேலை இல்லை என்று இருவருமே முடிவுகட்டிவிட்டவர்கள்.

திடுக்கிடத்தான் வேண்டுமென்றால் படங்கள் ஆயிரம் இருக்கின்றன, தாராளமாகப் போய்ப் பாருங்கள். புத்தகத்தை எடுத்தால் மட்டும் ஒன்று செய்யுங்கள். அந்தக் கை நீளும் இடத்தில் கொஞ்சம் நின்று, அங்கே நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் ஓடித்தான் போயிருப்பேன். எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.