தெருவில் கேட்பாரற்று நிற்கும் வண்டி... யாரிடம் சொல்வது? தூத்துக்குடி கடற்கரையில் இது ஏன் சாதாரண புகார் இல்லை?

உங்க தெரு முனையில ஒரு பழைய வேன் நிக்குது. நாலு டயரிலும் காத்து இல்லை. கண்ணாடி முழுக்க தூசி. யாருதுன்னு கேட்டா, "தெரியலையே, ரொம்ப நாளா இங்கதான் கெடக்கு" என்பதுதான் பதில். தூத்துக்குடி உப்புக்காத்துல இரும்பு எவ்வளவு நாள் தாங்கும்னு இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் அந்த டயருக்குள் தண்ணி நிற்கும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒன்றரை வாரம் போதும்.

இதை எடுக்கச் சொல்லி நாம கேட்க முடியுமா? முடியும்.

10 மாதம் இல்லை, 10 மணி நேரம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 127-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியையும், நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டுப் போடலாம். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான, சீருடையில் உள்ள காவல் அதிகாரி அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளர் தலையில்.

போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் 201-வது பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதம். பொதுவழியை மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் 5,000 ரூபாய் வரை போகலாம். துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் ராத்திரி விளக்கு இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கும் இது பொருந்தும். அது வேறு யாரோ பைக்கில் வந்து மோதுகிற விஷயம் என்பதால், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு உடனே சொல்வது நல்லது.

ஆனால் 127-வது பிரிவு "அகற்றலாம்" என்றுதான் சொல்கிறது, "அகற்ற வேண்டும்" என்று சொல்லவில்லை. யாரும் கேட்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்பது இதனால்தான்.

சாலையில் நிற்கும் வண்டிக்கு முதலில் போக வேண்டியது உள்ளூர் காவல் நிலையம். கொசு, குப்பை என்றால் மாநகராட்சி. இரண்டுமே அசையவில்லை என்றால் கோட்டாட்சியர். பொது இடத்தில் உள்ள இடையூறை அகற்றச் சொல்லி உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு அவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. வண்டி எண் பதியும் ஆர்.டி.ஓ. வேறு, கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. வேறு. மனுவில் பெயர் மாறினால் அது தவறான மேஜைக்குப் போய்ச் சேரும்.

கடற்கரையில் நிற்கும் லோடு வண்டி

தூத்துக்குடிக்கு இன்னொரு கதை உண்டு. இங்கிருந்து இலங்கைக்கு பீடி இலை, மஞ்சள் போன்றவற்றைக் கடத்த முயல்வதும், கியூ பிரிவு போலீசார் வந்ததும் மூட்டைகளையும் வண்டியையும் விட்டுவிட்டு ஆட்கள் ஓடிவிடுவதும் அடிக்கடி வரும் செய்தி. சுங்கச் சட்டம் 1962-ன் 115-வது பிரிவின்படி, கடத்தலுக்குப் பயன்படுத்திய வண்டியையே அரசு பறிமுதல் செய்யலாம்.

அதனால் விடியற்காலையில் கடற்கரையில் நம்பர் பிளேட் இல்லாத லோடு ஆட்டோவையோ, சாவியோடு நிற்கும் பைக்கையோ பார்த்தால், கிட்டப் போய் கதவைத் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ, 112-க்கோ கூப்பிட்டால் போதும்.

"சொன்னா நமக்கு ஏதாவது ஆயிடுமோ?"

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, அதுவும் இந்த மாவட்டத்தில். 2023 ஏப்ரல் 25-ம் தேதி, தாமிரபரணி மணல் கடத்தலைப் பற்றி போலீசில் புகார் கொடுத்திருந்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், முறப்பநாட்டில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அரசு அலுவலருக்கே இந்த நிலைமை என்றால், சாதாரண ஆள் தயங்குவதில் தப்பு சொல்ல முடியுமா?

ஆகவே வண்டியைப் பார்த்து புகாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவில் துருப்பிடித்த வேன் என்றால், எழுதிக் கொடுத்து ரசீதோ மனு எண்ணோ வாங்குங்கள். முதல்வர் உதவி மையத்தின் 1100-லும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் சொல்லலாம். மணல், கடத்தல் வாடை அடித்தால் தெருவில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். போனில் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லி, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேளுங்கள்.

எடுத்துட்டுப் போன வண்டி எங்கே போகும்?

பெரும்பாலும் காவல் நிலைய வாசலுக்கு. வழக்கு முடியும் வரை அங்கேயே மட்கும் வண்டிகளை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம், பிடிபட்ட வண்டிகளைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவு கெடுவே விதித்திருக்கிறது. நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்த பொருளுக்கு 14 நாளில் விவரப் பட்டியல், கூடவே போட்டோ அல்லது வீடியோ, அதன் பிறகு 30 நாளில் என்ன செய்வது என்ற உத்தரவு. சட்டத்தில் தெளிவு இருக்கு. நிலைய வாசல்களைப் பார்த்தால்தான் சந்தேகம் வருது.

அந்த வண்டி உங்களோடதா இருந்தா?

ஓடாத வண்டியை பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டு மறந்துடாதீங்க. பயன்படாமல் போன வண்டி பற்றி 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. அரசுப் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று கிடைக்கும். விற்றாலும் ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை பொறுப்பு உங்களுடையது. கைமாறிய வண்டி விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஎன் 69 எண்ணுள்ள உங்க பழைய லோடு ஆட்டோ ஏதோ ஒரு கடற்கரையில் பீடி இலை மூட்டையோடு சிக்கினாலும், போலீஸ் முதல் போன் போடுவது உங்களுக்குத்தான்.