ஜப்பானிய வினைகளும் பணிவும்

அயல்மொழி கற்கப் புகுவோர் தம் தாய்மொழி இலக்கணத்தையே அளவுகோலாகக் கொண்டு செல்லுதல் இயல்பு. ஜப்பானிய மொழி பயிலத் தொடங்கும் தமிழ் மாணவர்க்கோ, அவ்வளவுகோல் முதற்பாடத்திலேயே பிழைபட்டுவிடும்.

'இகு' என்பது 'போதல்' என்னும் பொருளுடைய வினையின் அகராதி வடிவம். அதன் பணிவு வடிவம் 'இகிமஸ்'; எதிர்மறை 'இகிமஸென்'; இறந்தகாலம் 'இகிமஷிதா'; இறந்தகால எதிர்மறை 'இகிமஸென் தெஷிதா'. திணை, பால், எண், இடம் எவை மாறினும் இவை மாறா. நான்கே வடிவங்களாதலின் மனனம் செய்தல் எளிது. பொருளுணர்தலிலேயே இடர்ப்பாடு உண்டு.

'ஆசிரியர் வந்தார்' என்று நாம் கூறுங்கால், மரியாதை பேசப்படும் ஆசிரியரைச் சாரும். 'மஸ்' என்னும் ஈற்றையும் அத்தகையதெனக் கருதும் மாணவர், தம்மைப் பற்றிப் பேசும்பொழுது அதனை விலக்கிவிடுவர். இது பெருந்தவறு. 'மஸ்' கேட்போரை நோக்கியது. ஆசிரியரிடம் 'நாய் வருகிறது' என்று சொல்லினும் 'கிமஸ்' என்றே முடித்தல் வேண்டும். மரியாதை நாய்க்கன்று, ஆசிரியர்க்கே. கொங்கு நாட்டார் 'வருகிறேனுங்க' என்பதும் இத்தகையதே. அதனாற் பேசுவோர் தம்மை உயர்த்திக்கொள்வதில்லை, கேட்போரையே மதிக்கின்றனர்.

பேசப்படுவோரை உயர்த்துதற்கு வேறு சொற்கள் உள. உண்ணுதலுக்குப் பொதுச்சொல் 'தபெரு'. பெரியோர் உண்பதைக் குறிப்பது 'மெஷிஅகரு'. தாம் உண்பதைத் தாழ்த்திக் கூறுவது 'இததகு'. தம்மைப் பற்றி 'மெஷிஅகரு' என்பார், 'யான் அமுது செய்தருளினேன்' என்பாரை ஒப்பர்.

அகராதி வடிவத்தையே முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பாரும் உளர். 'ஒகிமஸ்' என்பது துயிலெழுதலுக்கும் வைத்தலுக்கும் பொதுவாய் நிற்க, 'ஒகிரு', 'ஒகு' என்னும் அகராதி வடிவங்களே அவற்றைப் பிரித்துக் காட்டும் என்பர். அவர் கூற்று மெய்யே. ஆயினும், புதியவரிடம் எதிர்மறையைப் பிழைபடச் சொல்லின் அவர் புன்னகையோடு திருத்துவர். 'மஸ்' இன்றிப் பேசினாலோ மனம் வருந்தக்கூடும். 1952-இல் ஜப்பானின் தேசிய மொழி ஆலோசனைக் குழுவும், உரையாடலுக்கு 'தெஸ்', 'மஸ்' நடையே அடிப்படையாதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

ஆதலின், தொடக்க மாணவர் நாவில் 'மஸ்' வடிவமும், குறிப்பேட்டில் அதன் அருகே அகராதி வடிவமும் இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. யார் முன் நிற்கிறோம் என்னும் நினைவோடு வினையை முடிப்பதே இம்மொழியின் முதற்பாடம்.