கல்லில் வெட்டினான் பாண்டியன்!

தோழா!

அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு வரகுண பாண்டியன் தந்த 290 காசும், அதற்கு ஆண்டுதோறும் அளக்கவேண்டிய வட்டி நெல்லும் கல்லிலே வெட்டப்பட்டன. முடியாட்சிதான், எனினும் கணக்கு ஊரார் கண்முன் நின்றது! படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

இன்று குடியாட்சி. 2022 இல் நெல்லை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்துவரி இருமடங்காயிற்று. ரதவீதிச் சிறுகடைக்காரர் முணுமுணுத்தபடியே செலுத்தினார். தம் வரிவிதிப்பு எண்ணை இட்டால் தம் பாக்கியை இணையம் காட்டுகிறது. வண்ணார்பேட்டை மாடமாளிகைக்கு எத்தனை சதுர அடி கணக்கிட்டனர், என்ன வீதம் விதித்தனர் என்று தெருவாரியாக விரித்துவைத்த ஏடு எங்கே?

மதுரையைப் பார்! அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு கட்டட வரிகள் குறைக்கப்பட்டன என்று வழக்கு. 2025 இல் கைதுகள். மண்டலத் தலைவர்கள் விலகினர். அக்டோபரில் மேயரும் விலகினார். ஏடு திறந்திருந்தால், எதிர்க்கடைக்காரரே ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பாரே!

அந்தரங்கம் என்பர். குடியிருக்கும் வீட்டையா கேட்டோம்? வணிகக் கட்டடத்தையன்றோ கேட்கிறோம்! இங்கிலாந்தில் எந்தக் கடையின் வரிமதிப்பையும் எவரும் தேடிப் படிக்கலாம். அங்கே வணிகம் வாடிவிடவில்லை. இங்கும் 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, கேளாமலே வெளியிடுக என்கிறது.

அடுத்த பகுதிசபைக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடு, தோழா! பதிலையும் எழுத்திலேயே வாங்கு!