நட்சத்திரம் நிற்கும் இடமும் மற்றைய பத்துப் பேரும்

2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் இலங்கையும் மாலைதீவும் 4-4 எனச் சமநிலையில் முடித்தன. இலங்கையின் நான்கு கோல்களையும் அடித்தவர் பெர்லினில் பிறந்த வசீம் ராசீக். அதே ஆண்டு ஜூனில் லெபனானிடம் 2-3 எனத் தோற்ற உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்திலும் இலங்கையின் இரண்டு கோல்கள் அவருடையவையே.

இரண்டு ஆட்டங்களிலும் அவர் அடித்தவை ஆறு. அணி வாங்கியவை ஏழு. அந்த ஏழுக்கும் அவர்மீது பழி போட முடியாது. ஆனால் ஒருவரை நம்பி நிற்கும் எந்த அணியிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பந்து எதிரணியின் காலில் இருக்கும்போது நட்சத்திர வீரர் எங்கே நிற்கிறார்?

அவர் முன்னாலேயே காத்து நின்றால், கோல் காப்பாளரைத் தவிர்த்து ஒன்பது பேரே தடுக்கவேண்டும். அவர் விட்ட பக்கத்தில் பின்கள வீரர் ஒருவர் இருவரைச் சமாளிக்கிறார். அவருக்கு உதவ நடுக்கள வீரர் ஓடினால் நடு திறந்துவிடுகிறது. பந்தை மீட்டதும் எல்லோரும் அவரையே தேடி நீளமாக அடிப்பதால், எதிரணிக்கு அவரை இருவர் சூழ்ந்தால் போதும்.

இதன் விலையை 2024-25 பருவகாலத்தில் றியல் மட்ரிட் கொடுத்தது. இடது பக்கத்தில் வினிசியஸ் இருந்ததால், அந்தப் பக்கத்தை விரும்பும் எம்பாப்பே நடுவில் ஆடினார். லா லீகாவில் 31 கோல்களை அடித்து அதிக கோல் பெற்றவரும் அவரே. ஆனால் முன்னால் நின்ற இருவரும் தடுப்புக்குக் குறைவாகவே இறங்கினர். அந்தப் பருவத்தில் பார்சிலோனாவுடனான நான்கு ஆட்டங்களிலும் மட்ரிட் தோற்றது. வாங்கிய கோல்கள் 16. லா லீகா, அரசர் கிண்ணம், சம்பியன்ஸ் லீக் மூன்றும் கைநழுவின.

எம்பாப்பே விட்டுப்போன பரிஸ் சென் ஜேர்மைன் அணியோ அதே பருவத்தில்தான் முதன்முறையாகச் சம்பியன்ஸ் லீக்கை வென்றது. 2025 மே 31 இல் மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என வீழ்த்தியது. பயிற்றுவிப்பாளர் லூயிஸ் என்ரிக்கே, வலது ஓரத்தில் ஆடிவந்த டெம்பேலேயை நடுவுக்கு மாற்றியிருந்தார். எதிரணியின் கோல் காப்பாளரை நோக்கி முதலில் ஓடி நெருக்கியவர் அந்த நட்சத்திரமே. அவர் ஓடினால் பின்னால் நிற்பவர்கள் ஓடாமல் இருக்க முடியாது.

நட்சத்திரம் ஓடித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. 2022 உலகக் கிண்ணத்தில் மெஸ்ஸி பெரும்பாலும் நடந்தார். அவருக்காக டி போல், என்சோ, மக் அலிஸ்டர், அல்வாரஸ் ஓடினர். அதை ஸ்கலோனி திட்டமிட்டே அமைத்திருந்தார். ஒருவர் ஓடாத தூரத்தை வேறு யாரோ ஓடவேண்டும். யார் ஓடுவது என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இது எமக்கும் பொருந்தும். குருநகர் முதல் மயிலிட்டி வரை உதைபந்தாட்டம் ஊறிய கரையோரம் எம்முடையது. ஆனால் நான் பார்த்த ஊர் ஆட்டங்கள் பலவற்றில் திட்டம் ஒன்றுதான்: கெட்டிக்காரன் முன்னால் நிற்பான், மற்றவர்கள் அவனுக்குத் தூக்கி அடிப்பார்கள். யுத்த காலத்தில் இடப்பெயர்வு எங்கள் அணிகளைக் கலைத்தது. இன்று அந்த வேலையைச் செய்வது வெளிநாட்டுப் பயணம். குடும்பச் சுமையோடு கனடாவுக்கோ பிரான்ஸுக்கோ போகும் பெடியனை யாரும் குறை சொல்ல முடியாது. அவன் போனதும் அணியே இல்லாமற் போவதுதான் எங்கள் குறை.

புலம்பெயர்ந்த உறவுகள் சீருடைக்கும் பரிசுப் பணத்துக்கும் அனுப்பும் உதவியில் ஒரு பகுதி பயிற்றுவிப்பாளருக்குப் போகட்டும். அவர் பந்தை இழந்ததும் முன்கள வீரன் எங்கே நிற்கவேண்டும் என்பதை முதலில் சொல்லிக் கொடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் கெட்டிக்காரனை வெளியே இருத்திவிட்டு மற்றவர்களை ஆட வைக்கட்டும். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் எல்லா இடங்களிலும் மாறி மாறி ஆடட்டும். அடுத்த முறை ஒருவன் விமானம் ஏறும்போது, பத்துப் பேராவது விளையாடத் தெரிந்தவர்களாக மைதானத்தில் மிஞ்சுவார்கள்.