நீதி சொல்லாத புத்தகம் இருக்கா?

புத்தகக் காட்சி முடிந்து ஒரு வாரம் ஆனதும் நமக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "பொண்ணுக்கு எட்டு வயசு ஆகுது. தமிழ்ல என்ன வாங்கிக் குடுக்கலாம்?" கவிதையும் கட்டுரையும் போடுகிற இதழிடம் போய் இதைக் கேட்கிறார்களே என்று முன்பெல்லாம் சங்கடமாக இருக்கும். தெரிந்த காமிக்ஸ் பெயர் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். இப்போது அப்படித் தப்பிக்க வழியில்லை. பதில் சொல்லும் அளவுக்குப் புத்தகங்கள் வந்துவிட்டன.

சாகித்திய அகாதெமி 2010இல் பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கத் தொடங்கியபோது தமிழில் அதைப் பெற்றது ம.இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை', பாடல் நூல். குழந்தை இலக்கியம் என்றால் பாட்டு, அதுவும் அழ. வள்ளியப்பா போட்ட பாதையில் என்பதுதான் அன்றைய நினைப்பு. அதற்குப் பிறகு விருது பெற்றவற்றில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) மூன்றும் சிறார் நாவல்கள். நான்கு வரிப் பாட்டுக்கும் பெரியவர்களின் 'பொன்னியின் செல்வ'னுக்கும் நடுவே பத்து வயதுப் பிள்ளைக்கு அதிகம் ஒன்றும் இல்லாமல் கிடந்த பள்ளம் தூர்ந்துகொண்டிருக்கிறது. அம்புலிமாமா, கோகுலம் என்று அச்சில் வந்த சிறுவர் இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோன காலத்தில் இது நடந்திருப்பதுதான் ஆச்சரியம்.

சரி, என்ன வாங்கலாம்?

முதலில் வயதை மறந்துவிடுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்தது. அரசாங்கக் காரியத்தில் இப்படி அழகான பெயர்கள் அமைவது அபூர்வம். ஐந்தாம் வகுப்பில் 'நட'க்கிற பிள்ளையும் உண்டு, மூன்றாம் வகுப்பில் 'பற'க்கிற பிள்ளையும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையிடம் 120 பக்க நாவலைக் கொடுத்துவிட்டு, "இவனுக்குப் படிக்கிற பழக்கமே இல்லை" என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகள் போதும். காசில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சரளமாகப் படிப்பவர்களுக்கு 'ஆதனின் பொம்மை'யிலிருந்து தொடங்கலாம். கீழடியைப் பாடப்புத்தகத்தில் தேதியும் இடமுமாகப் படித்த பிள்ளை, இதில் அந்த மண்ணில் தன் வயதுப் பையன் ஒருவன் விளையாடியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கும். 'மரப்பாச்சி' வேறு வகை. ஒரு சிறுமி, அவளிடம் பேசுகிற மரப்பாச்சிப் பொம்மை வழியாக, பெரியவர்களின் தவறான தொடுதலைப் பற்றிப் பேசுகிற கதை. இதை வாங்குகிற அம்மா அப்பா முதலில் தாங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். படித்தபின் பிள்ளை ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும். விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' சின்னஞ்சிறு நூல், பேருந்தில் போகிற நேரத்தில் முடிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றுக்குள் சாதி எப்படி முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஆசிரியர்களுக்கும் ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பில் என்றால் தேசியப் புத்தக நிறுவனம் வெளியிட்ட 'டோட்டோ-சான்' என்றைக்கும் உண்டு.

கடையில் நின்று புத்தகம் பொறுக்கும்போது நாம் வைத்திருக்கிற ஒரே சோதனை இதுதான்: நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, பிள்ளைகள் பேசிக்கொள்கிற இடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "அம்மா, எனக்குப் பசிக்கின்றது" என்று எந்த வீட்டிலாவது எந்தப் பிள்ளையாவது சொல்லியிருக்கிறதா? நாள் முழுக்க "போயிட்டாங்க" என்று கேட்டு வளர்கிற பிள்ளை, கதையில் "சென்றுவிட்டனர்" என்பதைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வரிக்கு வரி இப்படி நின்றால் கதை எப்போது ஓடும்? கதைசொல்லி எளிய எழுத்துத் தமிழில் சொல்லட்டும், பாத்திரங்கள் வாய்ப்பேச்சில் பேசட்டும். நல்ல எழுத்தாளர்கள் இதைச் செய்கிறார்கள். "எழுத்துப்பிழை வந்துடும் சார்" என்று தடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். இன்னொன்று, சொற்களை ஒட்ட வைப்பது. 'அலமாரியின்மீதிருந்தெடுத்துக்கொண்டு' என்று ஒரே மூச்சில் அச்சடித்தால் நமக்கே நாக்குப் புரளவில்லை. பிழை திருத்துபவரின் இலக்கண மகிழ்ச்சிக்கு ஏழு வயதுப் பிள்ளை ஏன் மூச்சு முட்ட வேண்டும்?

பாராட்டியாயிற்று, ஒரு குறையும் சொல்ல வேண்டும். கதை முடிந்ததும் கட்டம் கட்டி 'இக்கதையால் அறியும் நீதி' என்று போடுகிற வழக்கம் நல்ல பதிப்பகங்களில் ஒழிந்துவிட்டது. ஆனால் நீதி எங்கும் போய்விடவில்லை. சுற்றுச்சூழல், சாதி, தொன்மை, உடல் பாதுகாப்பு, அறிவியல் என்று ஏதாவது ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் இன்றைய சிறார் கதை நடக்கிறது. மேலே நாம் பரிந்துரைத்த பட்டியலையே பாருங்கள், பாதிக்கு மேல் அப்படித்தான். அவை வேண்டும், அதில் சந்தேகமில்லை. அவை மட்டுமே போதாது. சிறுவர் கதைகள் எழுதிய வாண்டுமாமாவைப் படித்த தலைமுறை அவரிடம் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ராத்திரி தூக்கம் வராமல் படித்தது மட்டும் நினைவிருக்கும். அந்த மாதிரிச் சேட்டை, சிரிப்பு, பயம், தலைகால் புரியாத கற்பனை இன்று குறைவு.

எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போன காட்சியில் ஒரு கடையின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து ஒரு பையன் படித்துக்கொண்டிருந்தான். "இதுல என்ன இருக்கு?" என்றார் அப்பா. "சிரிப்பா இருக்குப்பா" என்றான். அவர் அதை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, ஒரு பொது அறிவுப் புத்தகத்துக்கு ரசீது போடச் சொன்னார்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒதுக்குகிறோம். படித்த புத்தகத்தைப் பற்றி அவர்கள் நான்கு வரி எழுதினாலும் போதும். 'போர்' என்று ஒரே சொல்லில் எழுதினாலும், எந்தப் பக்கத்தில் போரடித்தது என்று சொன்னால் போடுவோம். பெற்றோர்களே, தயவுசெய்து திருத்தி எழுதி அனுப்பாதீர்கள். எழுத்துப்பிழைகள் அப்படியே இருக்கட்டும்.